கற்பூரத்தில் அடித்த சத்தியம் யாரைக் கட்டும்?

வாசகர் ஒருவரின் கேள்வி, 24 மார்ச் 2024

வாக்குக்குப் பணம் வாங்குவது தவறு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாங்கியாகிவிட்டது, கற்பூரத்தின் மேல் அடித்துச் சத்தியமும் செய்தாகிவிட்டது என்றால், அதன் பிறகு மாற்றிப் போடுவது இரண்டாவது தவறு ஆகாதா? உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டாமா? சத்தியத்தை மீறியவர்களைத் தெய்வம் சும்மா விட்டதில்லை என்றே எங்கள் அணைக்கட்டுப் பக்கத்தில் நம்புகிறோம். மறுப்பவர்கள் காரணம் சொல்லலாம்.

25 மார்ச் 2024, இரவு

நான் மறுக்கிறேன். குடியாத்தத்தில் பிறந்து, வேலூர் மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் முப்பத்தொரு ஆண்டுகள் ஆசிரியராக இருந்து, 2021-இல் ஓய்வு பெற்றவன் நான். எட்டுத் தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணி பார்த்திருக்கிறேன். அவற்றுள் ஐந்தில் தலைமை அலுவலராக இருந்தேன். வாக்குக்காகக் கொடுக்கப்பட்ட பணத்தில் ஒரு ரூபாயைக்கூட நான் அனுபவித்ததில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கே யாராவது கேட்பார்கள்.

களவுக்குத் துணை வருவதாகச் சாமி முன்னால் சத்தியம் செய்துவிட்டு, பாதி வழியில் மனம் மாறித் திரும்பி வருகிறவனைத் தெய்வம் தண்டிக்கும் என்று சொல்வீர்களா? சொல்ல மாட்டீர்கள் அல்லவா? தொடக்கமே தவறாக இருக்கும்போது அதன் மேல் ஏற்றிய கற்பூரம் அதைச் சரியாக்கிவிடாது. உப்பிட்டவரைப் பற்றிய பழமொழியும் இங்கே பொருந்தாது. பசிக்குச் சோறு போட்டவரைப் பற்றிச் சொன்னது அது. விலை பேசி வாங்க வந்தவர் உப்பிட்டவர் ஆக மாட்டார்.

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் ஊழல் நடவடிக்கைகளைப் பட்டியலிடும் 123-ஆம் பிரிவு, லஞ்சத்தோடு நின்றுவிடவில்லை. ஒரு வாக்காளர் தெய்வத்தின் சினத்துக்கு ஆளாவார் என்று அவரை நம்பவைப்பதையும், நம்பவைக்க முயல்வதையும் அது முறையற்ற செல்வாக்கு என்கிறது. கற்பூரத் தட்டை நீட்டுவது அதற்குள் நேராக வந்து விழுகிறது என்பது என் வாசிப்பு. தெய்வத்தின் கோபத்தைத் தேர்தல் பிரசாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் எழுதியவர்களுக்கே தோன்றியிருக்கிறது என்றால், இந்தப் பழக்கம் எவ்வளவு பழையதாக இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். கொடுக்கிறவனுக்குத்தான் தண்டனை, வாங்குகிற ஏழையைச் சட்டம் ஒன்றும் செய்வதில்லை.

26 மார்ச் 2024

நேற்றைய கடைசி வாக்கியம் தவறு. 2024 ஜூன் முடிய நடைமுறையில் இருக்கும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 171-பி பிரிவு, கொடுப்பவரையும் வாங்குபவரையும் ஒரே தட்டில்தான் வைக்கிறது; இருவருக்கும் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். சுட்டிக்காட்டிய வழக்கறிஞருக்கு நன்றி. நான் ஏன் அப்படி எழுதினேன் என்பதை இரவெல்லாம் யோசித்தேன். என் அம்மாவைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதியிருக்கிறேன்.

29 மார்ச் 2024

அம்மாவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சொல்லத்தான் வேண்டும்.

2019 ஏப்ரல் முதல் வாரம். எங்கள் தெரு பீடி சுற்றும் தெரு. திண்ணையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அம்மா இலையை வெட்டிக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு எழுபத்தெட்டு வயது. எனக்கு மச்சான் முறை ஆகவேண்டிய ஒருவர், இரண்டு பையன்களுடன் வந்தார். ஒருவன் கையில் நோட்டு. அதில் வீட்டு எண்ணும் எதிரே ஓட்டு எண்ணிக்கையும் இருந்தன. இன்னொருவன் கையில் எவர்சில்வர் தட்டு. அதில் கெங்கையம்மன் படம், ஒரு கட்டி கற்பூரம், வெற்றிலை. வெற்றிலையின் மேல் ஐந்நூறு ரூபாய்த் தாள் மடிப்புக் கலையாமல் இருந்தது. "வாத்தியாருக்கு வேணாம்ப்பா, அவர் கவர்மெண்டு" என்று என் பெயரையும் என் மனைவி பெயரையும் தாண்டிப் போனார்கள். அம்மா முறத்தை இறக்கி வைத்துவிட்டு, புகையிலைத் தூள் ஒட்டியிருந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சுடரின் மேல் அடித்தாள். சுடர் அணைந்தது. உள்ளங்கையில் கரி படிந்தது. அந்தக் கரியோடு தாளை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து நான்கு பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்து அவர்கள் முறை.

நான் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தேர்தல் பணிக்கான பயிற்சி வகுப்பை முடித்து வந்திருந்தேன். அத்துமீறல்களைப் படம் பிடித்து அனுப்புவதற்கான சி-விஜில் செயலி என் கைப்பேசியில் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. வந்தவர் உறவினர், வாங்கியவள் தாய், தெருவோ நான் இன்னும் எத்தனையோ ஆண்டு குடியிருக்க வேண்டிய தெரு. பிறகு அம்மாவிடம் கோபமாக ஏதோ பேசினேன். அதுவும் அவர்கள் தெருமுனை தாண்டிய பிறகுதான்.

30 மார்ச் 2024

நேற்று எழுதியதில் முக்கியமான பகுதியே விட்டுப்போயிற்று. அந்தத் தேர்தல் நடக்கவில்லை!

ஏப்ரல் 18 அன்று வாக்குப்பதிவு நடக்க வேண்டும். 16-ஆம் தேதி மாலை, வேலூர் மக்களவைத் தொகுதித் தேர்தல் ரத்து என்று தொலைக்காட்சியில் செய்தி வந்தது. தொகுதியில் கோடிக்கணக்கில் ரொக்கம் பிடிபட்டதை அடுத்துத் தேர்தல் ஆணையம் பரிந்துரைத்தது, குடியரசுத் தலைவர் ஏற்றுக்கொண்டார். பணப் பட்டுவாடாவைக் காரணம் காட்டி ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தலையே ரத்து செய்தது அதுவே முதல் முறை. ஆனால் குடியாத்தம், ஆம்பூர் சட்டமன்ற இடைத்தேர்தல்கள் மட்டும் அதே 18-ஆம் தேதி நடந்தன. நான் ஆம்பூரில் பணியில் இருந்தேன்.

இப்போது அம்மாவின் நிலையைப் பாருங்கள். மச்சான் சத்தியம் வாங்கியது இரண்டு பொத்தானுக்கும் சேர்த்து. பாதிச் சத்தியம் ரத்தாகிவிட்டது, பாதிச் சத்தியம் அமலில் இருக்கிறது. செய்தியைக் கேட்டதும் "ஆத்தாவே தள்ளி வெச்சிட்டா" என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். ஆகஸ்ட் 5-க்குத் தேர்தல் என்று அறிவிப்பு வந்தபோது மச்சான் மீண்டும் வந்தார். இந்த முறை தட்டும் இல்லை, தாளும் இல்லை. "அன்னிக்குப் பண்ண சத்தியம்தான் அத்தே, மறந்துடாத" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். செல்லுபடிக் காலத்தை அவரே நீட்டித்துக்கொண்டார். கேள்வி கேட்ட அணைக்கட்டு அன்பரே, உங்கள் கணக்கின்படி அந்தச் சத்தியம் ஆகஸ்டில் உயிரோடு இருந்ததா, இல்லையா?

3 ஏப்ரல் 2024

அவர் பதில் சொல்லவில்லை. ஆம்பூரிலிருந்து ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். நோன்பு மாதத்தில் இதைப் பேசுவதே பொருத்தம் என்கிறார். இஸ்லாத்தில் மீறப்பட்ட சத்தியத்துக்குப் பரிகாரம் குர்ஆனிலேயே வகுக்கப்பட்டிருக்கிறது: பத்து ஏழைகளுக்கு உணவளிக்க வேண்டும், அல்லது உடை கொடுக்க வேண்டும், அல்லது ஓர் அடிமையை விடுவிக்க வேண்டும், இவற்றுக்கு வசதி இல்லாதவர் மூன்று நாள் நோன்பு நோற்க வேண்டும். ஒன்றைச் செய்வதாகச் சத்தியம் செய்த பிறகு அதைவிட நல்லது கண்ணில் பட்டால், நல்லதைச் செய்துவிட்டுச் சத்தியத்துக்குப் பரிகாரம் செய்துவிடு என்பது நபிகளின் வழிகாட்டல் என்றும் எழுதியிருக்கிறார்.

இது என்னை அசைத்தது என்று ஒப்புக்கொள்கிறேன். தவறான சத்தியம் செல்லாது என்று நான் ஒரே வரியில் தள்ளிவிட்டேன். இவர்களோ அதை மீறு என்கிறார்கள், ஆனால் மீறியதற்கு ஒரு விலையும் கொடு என்கிறார்கள். கொடுத்த வாக்கு தவறானதாகவே இருந்தாலும், அது வாயிலிருந்து வந்துவிட்டது என்பதற்கு இதில் ஒரு மரியாதை இருக்கிறது. பத்துப் பேருக்குச் சோறு போட ஐந்நூறு ரூபாய் போதுமா என்று நான் கேட்டதற்கு, ஆம்பூரில் அந்தக் கேள்வியே கேட்கக் கூடாது என்று அவர் சிரித்தார். பிரியாணிக்குப் போதாதுதான்.

4 ஏப்ரல் 2024

பகுத்தறிவாளர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்ட வேலூர் நண்பர் காட்டமாக எழுதியிருக்கிறார். பெரியார் 1973 டிசம்பர் 24 அன்று இறுதி மூச்சு விட்ட ஊரில் இருந்துகொண்டு கற்பூரத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறோமே என்பது அவருடைய வருத்தம். கடவுளே இல்லை, ஆகவே சத்தியமும் இல்லை. பணத்தை வாங்கிக்கொள், விருப்பம்போல் போடு என்கிறார்.

அவர் முடிவின் பின்பாதி எனக்கு உடன்பாடு, வழி உடன்பாடில்லை. கடவுள் இல்லை என்பதாலேயே கொடுத்த வாக்கும் இல்லையென்று ஆகிவிட்டால், நம்பாதவருக்கு யார் கடன் கொடுப்பார்கள்? அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை இரண்டு வழிகளையும் திறந்து வைத்திருக்கிறது. கடவுளின் பெயரால் ஆணையிடலாம். அல்லது உளமார உறுதி கூறலாம். இரண்டும் ஒரே அளவுக்குக் கட்டும்.

இதை எழுதும்போதுதான் உறைத்தது. பதவி ஏற்பவர்கள் மட்டும் உறுதிமொழி எடுப்பதில்லை. 84-ஆம் உறுப்பின்படி, மக்களவைக்குப் போட்டியிடுகிற ஒவ்வொருவரும் வேட்பாளராக இருக்கும்போதே, அரசமைப்புச் சட்டத்துக்கு உண்மையாக நடப்பேன் என்று உறுதி எடுத்தாக வேண்டும். எடுக்காதவருக்குத் தகுதியே இல்லை. ஆகவே பணம் கொடுக்கிற வேட்பாளர் என் அம்மாவைப் போலவே ஒரு சத்தியம் செய்தவர். அம்மாவின் சத்தியத்தை மீறினால் தெய்வம் கேட்கும் என்று தெருத்தெருவாகச் சொல்கிறவர்கள், அந்தச் சத்தியத்தைப் பற்றித் தெய்வம் என்ன கேட்கும் என்று ஒரு நாளும் சொல்லக் காணோம். ஐந்நூறு ரூபாய்க்குத் தெய்வம் நின்று கொல்லுமாம். கோடிக்கு உட்கார்ந்துகொள்ளும் போலிருக்கிறது.

10 ஏப்ரல் 2024

சத்துவாச்சாரி நண்பர் பேச்சை 1806 வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சிக்குக் கொண்டுபோகிறார். நம்பிக்கைக்காக உயிரைக் கொடுத்த ஊர் வேலூர், அந்த ஊரில் சத்தியத்தைப் பற்றி விளையாட்டாகப் பேசலாமா என்கிறார். ஜூலை 10 விடியலுக்கு முன் கோட்டையில் எழுந்த சிப்பாய்களுக்கு நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, தோல் பதித்த புதிய தலைப்பாகை அணிய வேண்டும் என்ற உத்தரவு பெரிய காரணம் என்பது உண்மை. ஆனால் அவர்களும் கிழக்கிந்தியக் கும்பினிக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதி கொடுத்தவர்கள்தாமே? ஒரு சத்தியத்தை மீறித்தான் இன்னொன்றைக் காத்தார்கள். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி வந்து சேர்ந்த பிறகு சுமார் 350 சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள்; அவர்களைத் தெய்வம் தண்டித்தது என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள். அதனால்தான் சொல்கிறேன், பிறகு வந்த துன்பத்தைப் பார்த்துத் தீர்ப்பைக் கண்டுபிடிக்கும் பழக்கம் ஆபத்தானது.

கோட்டை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. உள்ளே இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலில் பல தலைமுறைகளாக மூலவர் இல்லை. லிங்கம் சத்துவாச்சாரியில் இருந்தது. 1981 மார்ச் 16 அன்று அதைக் கொண்டுவந்து வைத்தபோது நான் வேலூரில் கல்லூரி மாணவன். அதற்கு முன்பு ஒருமுறை அம்மாவைக் கோட்டைக்குக் கூட்டிப்போனேன். கல்யாண மண்டபத் தூண்களை எல்லாம் பார்த்துவிட்டு, வெறுமையாகக் கிடந்த கருவறை முன்னால் நின்று, "இங்க வந்து சத்தியம் பண்ணா யாருடா கேக்கப்போறாங்க?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

20 ஏப்ரல் 2024

நேற்று வாக்களித்தேன். ஓய்வு பெற்ற பிறகு மேசைக்கு இந்தப் பக்கம் நின்று போடும்போது இன்னும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

2019-இல் ஆம்பூர் வாக்குச்சாவடியில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பொத்தானை அழுத்தியதும் பக்கத்து இயந்திரத்தின் கண்ணாடிக்குள் சின்னம் அச்சான சீட்டு ஏழு விநாடி தெரியும், பிறகு அறுந்து பெட்டிக்குள் விழும். ஒரு கிழவி வாக்களித்துவிட்டு மறைப்புக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. "முடிஞ்சிடுச்சு, வாங்கம்மா" என்று கூப்பிட்டேன். வெளியே வந்தவள் என் மேசை முன் நின்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். "நைனா, இது யாருக்கும் தெரியாது இல்ல?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "சாமிக்கு?" என்றாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தலைமை அலுவலரின் கையேட்டில் அதற்குப் பதில் இல்லை.

அன்று சிரித்ததுதான். இப்போது யோசித்தால், விஷயம் முழுவதும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. யாருக்கு வாக்களித்தாய் என்று நீதிமன்றத்தில் நிறுத்திக்கூட உங்களைச் சொல்ல வைக்க முடியாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. வாக்குச்சாவடி வாரியாக எத்தனை வாக்கு விழுந்தது என்று படிவம் 20-ஐப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அதற்கு மேல், எந்தக் கை எந்தப் பொத்தானை அழுத்தியது என்பது பணம் கொடுத்தவருக்குத் தெரிய வழியே இல்லை. கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்க முடியாத அந்த மூன்றடி மறைப்புக்குள் அனுப்ப அவருக்கு ஓர் ஆள் வேண்டும். அதற்காகத்தான் தட்டில் அம்மன் படம். கெங்கையம்மனைச் சம்பளமில்லாத பூத் ஏஜெண்டாக உட்கார வைத்துவிட்டார்கள். நம்பிக்கை உள்ளவர்கள் கோபப்பட வேண்டியது இதற்குத்தான். பகுத்தறிவாளர் மன்னிக்கட்டும், எனக்கு அம்மன் மேல் நம்பிக்கை உண்டு. அந்த வேலைக்கு அவள் போகமாட்டாள் என்பதும் அந்த நம்பிக்கையில் சேர்த்திதான்.

16 மே 2024

வைகாசி முதல் நாள், குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா பார்த்தேன். தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மனின் தலை மட்டும் மாலைகளுக்குள் மிதந்து வந்தது. வழி நெடுகச் சூறைத் தேங்காய், புலிவேஷம், சிலம்பம். கோபாலபுரத்தில் அந்தத் தலையை உடலோடு பொருத்துவார்கள். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நீரில் தெரிந்த ஓர் உருவத்தை மனத்தால் நினைத்ததற்காக ரேணுகாவின் தலையை வெட்டச் சொன்னார் ஜமதக்கினி. தந்தை சொல்லைத் தட்டாமல் பரசுராமன் வெட்டினான். அடைக்கலம் கொடுத்து மறித்த பெண்ணின் தலையும் சேர்ந்து விழுந்தது. உயிர் திரும்பியபோது தலையும் உடலும் மாறிப்போயின.

என்னோடு பணியாற்றிய ஆசிரியை ஒருவர் கிறித்தவர்; ஏரோதின் கதையை நினைவூட்டினார். நடனமாடிய பெண்ணுக்கு எது கேட்டாலும் தருவேன் என்று ஆணையிட்டான் அரசன். அவள் யோவானின் தலையைக் கேட்டாள். அரசனுக்கு மனமில்லை. ஆனாலும் இட்ட ஆணைக்காகவும் கூடப் பந்தியில் இருந்தவர்களுக்காகவும் கொடுத்தான். அணைக்கட்டு அன்பர் சொல்வதுபோல், வாக்கு மாறாதவன்.

பந்தியில் இருந்தவர்கள் என்ற இடம் என்னைப் பிடித்துக்கொண்டது. அம்மா பயந்தது ஆத்தாளுக்கா, எதிர்த் திண்ணையில் இருந்த நான்கு பெண்களுக்கா?

ஒன்றை இதுவரை சொல்லாமல் வைத்திருந்தேன். 2019 ஆகஸ்ட் 9, வாக்கு எண்ணிக்கை நாள், ஆடி வெள்ளியும்கூட. காலையிலேயே அம்மா ஒரு தாளை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு கெங்கையம்மன் கோயிலுக்குப் போய் உண்டியலில் போட்டுவிட்டு வந்தாள். என்ன என்று கேட்டதற்கு "ஆத்தாளுக்குக் கடன்" என்றாள். அவள் சத்தியத்தை மீறிவிட்டாள், அதற்கான பரிகாரம் அது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். எனக்குப் பெருமையாகவே இருந்தது.

2 ஜூன் 2024

என் முடிவில் ஓட்டை இருக்கிறது. அவள் சத்தியத்தைக் காப்பாற்றியிருந்தாலும் அதே முடிச்சைப் போட்டிருக்கலாமே? காசுக்காகப் போட்டோமே என்ற கூச்சத்தில், வாங்கிய காசு கையில் இருக்க வேண்டாம் என்று அம்மனிடம் சேர்த்திருக்கலாம். மீறியவளும் அதையே செய்வாள், காத்தவளும் அதையே செய்வாள். ஐந்து ஆண்டுகளாக நான் எனக்குப் பிடித்த தீர்ப்பை அந்த மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தேன். அம்மா 2022-இல் போய்விட்டாள். இனிக் கேட்க முடியாது.

5 ஜூன் 2024

நேற்று முடிவு வந்ததிலிருந்து, மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு என்று இரண்டு பேர் எழுதிவிட்டார்கள். 2019 ஆகஸ்டில் வேலூரில் வெற்றி வித்தியாசம் 8,141 வாக்குகள். மகேசன் அவ்வளவு நெருக்கமாகவா தீர்ப்பெழுதுவார்?

9 ஜூன் 2024

நேற்று சின்னம்மா வந்திருந்தாள், அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. ஆடி வெள்ளியன்று கோயிலுக்குக் கூடப் போனவள் அவள்தான். மஞ்சள் துணியைப் பற்றி நான் எழுதியதை எல்லாம் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அது உன் சர்க்கரைக்கு வேண்டிக்கினு முடிஞ்சது. உனக்குக் கால் புண்ணு ஆறலன்னு அழுதுக்கினு இருந்தா இல்ல, அது. பீடிக் காசு."

அப்படியென்றால் மச்சான் கொடுத்த ஐந்நூறு?

"அது அன்னிக்கே போச்சு. கெண்டை மீனு வாங்கினோம், எண்ணெய் வாங்கினோம். மாங்கா போட்டுக் குழம்பு வெச்சா. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து ரெண்டு துண்டு சேர்த்துப் போட்டுக்கினு தின்ன."

எந்தப் பொத்தான் என்பது சின்னம்மாவுக்கும் தெரியாது. அதை ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் வழக்கம் இல்லையாம்.

மார்ச் 25 அன்று நான் எழுதியதில், ஒரு ரூபாயைக்கூட அனுபவித்ததில்லை என்ற வரியை நீக்கிவிட்டுப் படிக்கவும்.